புது வலி மாத்திரைக்குக் காத்திருக்கும் நீலகிரிக்காரர்கள் இப்போதே செய்ய வேண்டியவை

அபின் சேராத, அடிமைப்படுத்தாத புது வலி மாத்திரை வந்துவிட்டது என்ற செய்தி வாட்ஸ்அப் வழியாக எஸ்டேட் லைன் வீடுகள் வரைக்கும் வந்துவிட்டது. பத்து வருடமாக இடுப்பு வலியோடு தேயிலைச் சரிவில் ஏறி இறங்குகிறவர்களும், சர்க்கரை நோயால் பாதம் எரிந்து இரவெல்லாம் விழித்திருப்பவர்களும் அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்வது நியாயம்தான். நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. ஆனால் அந்த மாத்திரை எந்த வலிக்கு என்று தெரியாமலும், தன் வலி எந்த வகை என்று தெரியாமலும் காத்திருந்தால், மருந்து கைக்கு வரும் நாளிலும் பயன் கிடைக்காது. காத்திருக்கும் காலத்தில் செய்யக்கூடிய வேலை நிறைய உண்டு.

முதலில் மாத்திரையைப் பற்றி

மருந்தின் பெயர் சுசெட்ரிஜின். விற்பனைப் பெயர் ஜர்னாவ்எக்ஸ். வெர்டெக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தயாரிப்பு. 2025 ஜனவரி 30 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ இதற்கு ஒப்புதல் கொடுத்தது.

வலி நரம்பில் மின்துடிப்பு கிளம்ப வேண்டுமானால் சோடியம் நரம்புக்குள் பாய வேண்டும். அதற்கென்று நரம்பின் சுவரில் வாசல்கள் உண்டு. அவற்றில் என்.ஏ.வி 1.8 என்ற வாசல் பெரும்பாலும் உடம்பின் ஓரங்களிலிருந்து வலியைக் கொண்டுவரும் நரம்புகளில்தான் இருக்கிறது. சுசெட்ரிஜின் அந்த ஒரு வாசலை மட்டும் அடைக்கிறது. பல் பிடுங்கும் முன் போடும் லிக்னோகைன் ஊசி எல்லாச் சோடியம் வாசல்களையும் அடைப்பதால்தான் உதடும் நாக்கும் சேர்ந்து மரத்துப்போகின்றன. மார்ஃபின், டிரமடால் போன்ற ஓபியாய்டுகள், அதாவது அபின் இனத்து வலி மருந்துகள், மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்கின்றன. அதனால்தான் வலியோடு மூச்சின் வேகமும் குறைகிறது, ஒருவித சுகமும் வருகிறது, அந்தச் சுகமே பிறகு பழக்கமாகிறது. புது மருந்து மூளையில் அந்த வேலையைச் செய்வதில்லை. அதன் மேல் இத்தனை எதிர்பார்ப்பு எழுந்ததற்குக் காரணம் அதுதான்.

இனி, செய்திகளில் விட்டுப்போகும் பகுதி. ஒப்புதல் கிடைத்திருப்பது திடீர் வலிக்கு மட்டும்: அறுவை சிகிச்சைக்குப் பின், அடிபட்ட பின் வரும் மிதமான அல்லது கடுமையான வலி. வயிற்றுத் தோலை இறுக்கும் அறுவை, கால் பெருவிரல் எலும்பைத் திருத்தும் அறுவை ஆகிய இரண்டுக்குப் பின் வந்த வலியில்தான் இதைச் சோதித்தார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை விட நன்றாக வேலை செய்தது. ஹைட்ரோகோடோனும் பாராசிட்டமாலும் சேர்ந்த பழைய ஓபியாய்டு மாத்திரையை இது மிஞ்சவில்லை. வயிற்று அறுவை செய்தவர்களில் பாதிப் பேருக்கு வலி குறையத் தொடங்க 2 மணி நேரம் ஆனது, கால் அறுவையில் 4 மணி நேரம். 14 நாளுக்கு மேல் திடீர் வலிக்குக் கொடுத்துச் சோதித்ததில்லை என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் அறிவித்த விலை மாத்திரை ஒன்றுக்கு 15.50 டாலர்.

நாள்பட்ட வலியில் இதுவரை கிடைத்தது கலவையான பலன். இடுப்பிலிருந்து காலுக்கு இழுக்கும் சியாட்டிகா வலியில் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 0 முதல் 10 வரையிலான அளவில் மருந்து எடுத்தவர்களுக்குச் சராசரியாக 2.02 புள்ளி குறைந்தது, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 1.98. வித்தியாசம் இல்லை என்றுதான் அதைப் படிக்க வேண்டும். சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலியில் இரண்டாம் கட்டச் சோதனை நம்பிக்கை தந்தது. வலி 2 புள்ளிக்கு மேல் குறைந்தது, ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்த பழைய நரம்பு வலி மருந்தான பிரீகாபலினிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான் குறைந்தது. அந்த வலிக்கான மூன்றாம் கட்டச் சோதனையைத் தொடங்கினார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த விஎக்ஸ்-993 என்ற அடுத்த மருந்து 2025இல் அறுவைக்குப் பிந்தைய வலிச் சோதனையில் தோற்றது.

ஆகவே பாதம் எரியும் சர்க்கரை நோயாளிக்கு இந்த வரிசை மருந்துகளைக் கவனித்துக்கொண்டிருக்கக் காரணம் உண்டு. சியாட்டிகா வலிக்காரர் இதை நம்பி இன்றைய சிகிச்சையை நிறுத்தக் கூடாது. தேய்ந்த மூட்டுக்கும், உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கும் இந்த ஒப்புதல் எதையும் சொல்லவில்லை.

உங்கள் வலிக்குப் பெயர் வையுங்கள்

3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. அதற்குள் வகைகள் உண்டு, வகைக்கு ஏற்பத்தான் மருந்து. மருத்துவர் முன்னால் உட்கார்ந்து "வலிக்குது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் பாதிச் செய்தி வீட்டிலேயே தங்கிவிடும். தமிழில் வலிக்கு இருக்கும் சொற்களே பாதி நோயறிதலைச் செய்துவிடும், அவற்றைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

எரிச்சல், ஊசி குத்தல், ஷாக் அடித்த மாதிரி வெட்டி இழுப்பது, மதமதப்பு, எறும்பு ஊர்வது, போர்வை பட்டாலே கூசுவது, குளிர்ந்த தரையில் கால் வைத்தால் வலிப்பது: இவை நரம்பு வலியின் அடையாளங்கள். இதில் நான்கைந்து பொருந்தினால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மார்கழி, தையில் ஊட்டியில் உறைபனி விழும் காலையில் பாத எரிச்சல் கூடுகிறது என்றால் அதுவும் துப்புதான்.

கடுப்பு, உளைச்சல், உட்கார்ந்து எழுந்ததும் பிடித்துக்கொள்வது, பத்தடி நடந்தால் தளர்வது, மாலையில் வீங்குவது என்றால் மூட்டு, தசை, எலும்பைப் பார்க்க வேண்டும். காலையில் கைவிரல் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் மடங்காமல் விறைத்திருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு, தாமதித்தால் மூட்டு கெடும். இடத்துக்கு இடம் மாறி உடம்பெங்கும் வலி, தூங்கி எழுந்தாலும் அசதி என்றால் அது மூன்றாம் வகை. அதில் டைக்ளோஃபெனாக் மாதிரி வீக்கம் குறைக்கும் மாத்திரைகள் அநேகமாகப் பயன்படாது.

நரம்பு வலி என்று தெரிந்தால் காரணத்தைத் தேடாமல் வலிக்கு மட்டும் மருந்து கேட்காதீர்கள். சர்க்கரை, தைராய்டு, பி12 மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குறைந்து, அதனாலேயே பாதம் மரத்துப்போவது உண்டு. ஊசியோ மாத்திரையோ போட்டால் சரியாகக்கூடிய ஒன்றுக்கு ஆயுசு முழுக்க வலி மாத்திரை தின்னும் நிலை வரக் கூடாது. டிபி மருந்தில் உள்ள ஐசோநியாசிட்டும் நரம்பைத் தாக்கும், அதோடு பி6 மாத்திரை கொடுக்கிறார்களா என்று பாருங்கள். தோலில் உணர்ச்சியற்ற வெளிர் தேமல் இருந்தால் மறைக்காமல் காட்டுங்கள். தொழுநோயாக இருக்கலாம், அதற்கு அரசு மருத்துவமனையில் இலவசச் சிகிச்சை உண்டு.

நாற்பது பக்க நோட்டு ஒன்று

மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் 14 நாள் எழுதுங்கள். காலை எழுந்ததும் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை, அவ்வளவுதான். நாள் முழுக்க வலியை எண்ணிக்கொண்டிருந்தால் வலிதான் வளரும். ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்: வலி 10க்கு எத்தனை, எந்த இடம், எந்தச் சொல் (எரிச்சலா, கடுப்பா), எத்தனை மணி நேரம் தூக்கம், என்ன வேலை, என்ன மாத்திரை எத்தனை மணிக்கு.

எண்ணை விட முக்கியமானது கடைசியில் எழுத வேண்டிய ஒன்று: அன்று செய்ய முடிந்தது என்ன. பஸ் நிறுத்தம் வரை நிற்காமல் நடந்தேன், கொழுந்து எடையில் இத்தனை கிலோ, பேரனைத் தூக்கினேன் என்று. நாள்பட்ட வலி மருந்தில் வலி 8இலிருந்து 0க்கு இறங்குவது அபூர்வம். 8 என்பது 5 ஆகி, தூக்கம் 3 மணியிலிருந்து 6 மணியாகி, ரேஷன் கடைக்குத் தனியாகப் போய் வர முடிந்தால் அந்த மருந்து வேலை செய்கிறது. எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் நல்ல மருந்தை "கேட்கவில்லை" என்று பாதியில் விடுகிறார்கள்.

நோட்டின் பின் அட்டையில் இதுவரை எடுத்த மருந்துகளை எழுதுங்கள்: பெயர், எத்தனை மி.கி., எத்தனை வாரம், ஏன் நிறுத்தினீர்கள். புது மருந்து எதுவாக இருந்தாலும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான். மாத்திரை அட்டையின் பெயர் பக்கத்தைக் கத்தரித்து ஒட்டினால் இன்னும் நல்லது. "சிவப்பு மாத்திரை" என்றால் யாருக்கும் விளங்காது.

இன்று கிடைக்கும் ஓபியாய்டு அல்லாத மருந்துகள்

பெரும்பாலோர் இவை தோற்றுவிட்டதாக நினைக்கிறார்கள். நோட்டைப் புரட்டினால் அளவு போதாமலோ நாள் போதாமலோ விட்டது தெரியவரும்.

நரம்பு வலிக்கு முதல் வரிசையில் மூன்று இனங்கள் உண்டு. அமிட்ரிப்டிலின் இரவில் 10 மி.கி. என்று தொடங்கி மெதுவாகக் கூட்டுவது. விலை மலிவு, தூக்கமும் தரும். வாய் உலரும், மலம் இறுகும், புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடைக்கும். இதயத் துடிப்புக் கோளாறோ கண் அழுத்த நோயோ இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இது மனச்சோர்வு மருந்துதானே, எனக்கு ஏன் என்று சீட்டைக் கிழிக்காதீர்கள். நரம்பு வலிக்குக் கொடுப்பது மனச்சோர்வுக்கான அளவை விடக் குறைவு, வேலை செய்யும் வழியும் வேறு. இரண்டாவது டுலோக்செட்டின், வழக்கமாக 30 மி.கி.யில் தொடங்கி 60க்குப் போவார்கள். முதல் வாரம் குமட்டல் இருக்கும், சாப்பிட்ட பின் எடுத்தால் குறையும். மூன்றாவது கபாபென்டின், பிரீகாபலின். இவை சிறுநீரகம் வழியாக வெளியேறுபவை, சிறுநீரகம் பழுதானதைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தத்தில் கூடியவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

எதிர்பார்ப்புக்கு ஓர் அளவுகோல்: 2015இல் வெளியான சர்வதேச ஆய்வுத் தொகுப்பின்படி, வலி பாதியாகக் குறையும் பலனை வெற்று மாத்திரைக்கு மேல் ஒருவர் கூடுதலாகப் பெற, அமிட்ரிப்டிலின் இனத்தை சுமார் 4 பேர் எடுக்க வேண்டும், டுலோக்செட்டின் இனத்தை 6 பேர், பிரீகாபலினை 8 பேர். அதாவது ஒரு மருந்து உங்களுக்குக் கேட்காமல் போவது சகஜம். சரியான அளவில் 4 முதல் 6 வாரம் பார்த்துவிட்டு அடுத்ததற்கு மாறுவதுதான் முறை. நான்கே நாளில் நிறுத்தியதைத் தோல்விக் கணக்கில் எழுதாதீர்கள். நன்றாக இருக்கிறதே என்று திடீரென்று விடுவதும் தவறு. இந்த மூன்று இனங்களையும் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தூக்கமின்மை, பதற்றம், வியர்வை, தலைசுற்றல் வரும்.

மலைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிரீகாபலின் தொடங்கும் முதல் இரண்டு வாரம் தலை கிறுகிறுக்கும், கண் சொருகும். கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், ஈரமான தேயிலைச் சரிவு, விடியற்காலையில் யானை நிற்கும் கூடலூர்ப் பாதை எதுவும் மயக்கத்தோடு போகும் இடமல்ல. முதல் மாத்திரையை இரவில், மறுநாள் வேலை இல்லாத நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள். அந்த இரண்டு வாரம் வண்டி ஓட்டாதீர்கள், கவாத்துக் கத்தியும் வெட்டு இயந்திரமும் தொடாதீர்கள். சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகும்.

மூட்டு வலிக்கு வருவோம். பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்று அல்லது இரண்டு, 6 மணி நேர இடைவெளியில். நாளுக்கு 4 கிராம் உச்சம், 50 கிலோவுக்குக் கீழ் எடை, முதுமை, குடிப்பழக்கம் என்றால் மருத்துவர் இன்னும் குறைப்பார். இங்கே தவறு நடக்கும் இடம் குளிர்காலம்: வலிக்கு ஒரு பாராசிட்டமால், சளிக்கு வாங்கிய மாத்திரையில் இன்னொன்று, கடைக்காரர் கொடுத்த வலி மாத்திரையில் மூன்றாவது. அட்டையின் பின்பக்கத்தில் உட்பொருளைப் படியுங்கள்.

டைக்ளோஃபெனாக், ஏசெக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் ஆகியவை வீக்கம் உள்ள சில நாட்களுக்கு நல்லவை, மாதக்கணக்கில் தின்ன அல்ல. வயிற்றுப் புண், இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் எல்லாவற்றையும் பதம் பார்க்கும். பிரஷருக்கு டெல்மிசார்டனோ எனலாபிரிலோ எடுத்து, நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர் இதையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரென்று நின்றுபோகலாம். குளிரில் தாகம் தெரியாமல், தோட்டத்தில் ஒதுங்க இடமில்லாமல் தண்ணீரே குடிக்காத பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். முழங்காலுக்கும் கைவிரலுக்கும் மாத்திரையை விட டைக்ளோஃபெனாக் ஜெல் மேல். 1 சதவீத ஜெல் என்றால் ஒரு முழங்காலுக்கு ஒரு தடவைக்கு 4 கிராம், கைக்கு 2 கிராம், நாளுக்கு நான்கு தடவை. 30 கிராம் டியூப் ஒரே முழங்காலுக்கு இரண்டு நாள்தான் வரும் என்று கணக்குப் போட்டால், பட்டாணி அளவு தடவி "ஜெல் கேட்கவில்லை" என்பவர்களுக்கு ஏன் கேட்கவில்லை என்று புரியும்.

இவை பலவும் முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் கம்பெனிப் பெயர் இல்லாமல் மூலப்பெயரில் மலிவாகக் கிடைக்கும். சீட்டில் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

தைலமும் வெந்நீரும்

நம் ஊர்ச் சரக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நீலகிரித் தைலம் தோலில் குளிர்ச்சியும் சூடும் தந்து வலியிலிருந்து கவனத்தைத் திருப்பும், தடவலாம். விண்டர்கிரீன் தைலம் வேறு. அதில் இருப்பது மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. சுத்தமான எண்ணெய் ஒரு தேக்கரண்டியில், அதாவது 5 மி.லி.யில், சுமார் 7 கிராம் சாலிசிலேட் இருக்கிறது. இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். குழந்தை ஒரு வாய் குடித்தால் உயிருக்கே ஆபத்து. பாட்டிலை ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் தடவவே வேண்டாம், இரத்தக் கசிவு கூடும். மற்றவர்கள் தேங்காய் எண்ணெயில் நன்றாகக் கலந்து, சிறிய இடத்தில் மட்டும். தைலம் தடவிய இடத்தின் மேல் கம்பளியைச் சுற்றுவதும் வெந்நீர்ப் பை வைப்பதும் வேண்டாம். சூடு பட்டால் மருந்து உள்ளே இறங்கும் அளவு கூடும், தோலும் வெந்துபோகும்.

வெந்நீர்ப் பையை மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம். அதன் மேல் படுத்துத் தூங்கக் கூடாது. ஊட்டி உயரத்தில், 2,240 மீட்டரில், தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, 93க்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். தோலைப் பொசுக்க அதுவே தாராளம், கொதித்த நீரை அப்படியே ஊற்றாதீர்கள். பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்குப் பையும் வேண்டாம், கணப்பு அடுப்பில் கால் நீட்டுவதும் வேண்டாம். சுடுவது தெரியாமல் கொப்புளம் வந்து, புண்ணாகி, விரலை எடுக்கும் நிலைக்குப் போகும். அவர்களுக்கு இறுக்கமில்லாத கம்பளி சாக்ஸ்தான் சரி, உள்ளே தையல் உரசாமல் பார்த்து, தினமும் இரவில் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். வலிக்கு இதமாக இருக்கிறதென்று கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்காதீர்கள். மணமில்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொல்லும்.

வேலையை அளந்து செய்வது

மாத்திரைக்கு நிகராக வேலை செய்யும் ஒன்று இது, செலவும் இல்லை. வலி குறைந்த நாளில் விட்டதையெல்லாம் சேர்த்துச் செய்வது, மறுநாள் எழ முடியாமல் கிடப்பது என்ற சுற்றுதான் நாள்பட்ட வலியை வளர்க்கிறது.

நல்ல நாள் இரண்டு, கெட்ட நாள் இரண்டு எடுத்து, வலி கூடாமல் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று பாருங்கள். 20, 18, 10, 12 என்று வந்தால் சராசரி 15. அதில் ஐந்தில் நான்கு பங்கு, 12 நிமிடம். அதுவே உங்கள் தொடக்கம். நல்ல நாளிலும் 12, கெட்ட நாளிலும் 12. வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். ஏற்றத்தில் நடப்பவர்கள் சமதளம் கிடைக்கும் இடத்தில் தொடங்குங்கள். முழங்கால் வலிக்கு ஏற்றத்தை விட இறக்கம்தான் எதிரி. கையில் தடியோடு, நேரே இறங்காமல் குறுக்கே வளைந்து இறங்குங்கள்.

கொழுந்துப் பையையும் கேரட் மூட்டையையும் அரைப் பாரமாக்கி இரண்டு நடையாகத் தூக்குங்கள். மேஸ்திரி முகம் சுளிப்பார் என்பது தெரியும். மருத்துவரிடம் இலகுவேலைச் சான்று கேட்டு வாங்கிக் கொடுத்தால் பேச ஒரு பிடி கிடைக்கும்.

எங்கே போவது

வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கு, தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021 ஆகஸ்டில் தொடங்கியது) இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். அடுத்த படி குன்னூர் லாலி மருத்துவமனை, கூடலூர் அரசு மருத்துவமனை, ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பெரிய மருத்துவமனைகளில் வலிச் சிகிச்சையை மயக்க மருந்துத் துறையினர் பார்ப்பதுண்டு. எந்தக் கிழமை என்று முதலில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். எல்லமலையிலிருந்தோ மசினகுடியிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டு வந்து, இன்று கிளினிக் இல்லை என்று கேட்பது கொடுமை. 104க்கு அழைத்தும் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

இந்த அறிகுறிகள் வந்தால் நோட்டும் வேண்டாம், கிழமையும் பார்க்க வேண்டாம், 108ஐ அழையுங்கள்: இடுப்பு வலியோடு சிறுநீர் பிரியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் துவண்டு தூக்க முடியாமல் போவது. காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக முதுகு வலி என்றால் அந்த வாரமே காட்டியாக வேண்டும்.

ஓபியாய்டு பயம் பற்றி ஒரு வார்த்தை

அமெரிக்காவில் ஓபியாய்டு மாத்திரைகள் அளவுக்கு மீறி எழுதப்பட்டு லட்சக்கணக்கானோர் அடிமையானார்கள். புது மருந்துக்கு அங்கே கிடைத்த வரவேற்பின் பின்னணி அது. இங்கே கதை வேறு. புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு மார்ஃபின் மாத்திரை கிடைக்காததுதான் நம் நாட்டின் நெடுநாள் துயரம். அதைச் சரிசெய்யத்தான் 2014இல் போதைப்பொருள் சட்டமே திருத்தப்பட்டது. ஆகவே வீட்டில் புற்றுநோயாளி இருந்து மருத்துவர் மார்ஃபின் எழுதினால், "ஓபியாய்டு கெட்டதாமே" என்று மறுக்காதீர்கள். அந்த வலிக்கு அதுதான் மருந்து.

டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. ஏற்கெனவே எடுப்பவர்கள், புது மாத்திரை வரப்போகிறதென்று சட்டென நிறுத்தாதீர்கள், மருத்துவர் வழியாகக் குறையுங்கள். அமிட்ரிப்டிலினோ டுலோக்செட்டினோ எடுப்பவருக்கு டிரமடாலும் சேர்ந்தால் வலிப்பு வர வாய்ப்பு கூடும். இரண்டு மருத்துவரிடம் போகிறவர்கள் இரண்டு சீட்டையும் இருவரிடமும் காட்டுங்கள்.

வாங்கித் தருகிறேன் என்பவர்கள்

நம்பிக்கை இருக்கும் இடத்தில் ஏமாற்றும் வரும். புது மருந்தைக் கூரியரில் அனுப்புகிறேன், முன்பணம் போடுங்கள் என்று வரும் எந்தச் செய்திக்கும் பணம் அனுப்பாதீர்கள். இந்தியாவில் ஒப்புதல் இல்லாத மருந்தைச் சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கச் சட்டப்படி வழி ஒன்றுதான்: மருத்துவர் சீட்டோடு படிவம் 12ஏ-வில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு விண்ணப்பித்து, படிவம் 12பி அனுமதி பெறுவது. வேறு வழி சொல்பவர் பொய் சொல்கிறார்.

பெயரில்லாத பொட்டலத்தில் வரும் "மூலிகை வலிப் பொடி" இரண்டே நாளில் அதிசயமாகக் கேட்டால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது, தோல் மெலிந்து கன்றிப்போவது அடையாளம். மாதக்கணக்கில் எடுத்திருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, பொட்டலத்தோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

சோதனையில் சேர அழைத்தால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் (சி.டி.ஆர்.ஐ) அதன் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும், சோதனை மருந்துக்குப் பணம் கேட்கக் கூடாது, பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உங்கள் உரிமை, எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வெற்று மாத்திரை கிடைக்கும் வாய்ப்பும் உண்டு என்பதை வீட்டில் எல்லோருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரு நாள் உங்கள் சீட்டிலும் அது எழுதப்பட்டால்

அமெரிக்கக் குறிப்பின்படி திடீர் வலிக்கு முதல் வேளை 100 மி.கி., அதாவது 50 மி.கி. மாத்திரை இரண்டு, வெறும் வயிற்றில்: சாப்பிடுவதற்கு 1 மணி நேரம் முன் அல்லது சாப்பிட்டு 2 மணி நேரம் பின். அந்த இடைவெளியில் தண்ணீரும் பால் விடாத டீயும் குடிக்கலாம். பிறகு 12 மணி நேரத்துக்கு ஒரு 50 மி.கி., சாப்பாட்டோடும் எடுக்கலாம். மாத்திரையை முழுசாக விழுங்க வேண்டும், கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. அரிப்பு, தசைப்பிடிப்பு, தோல் தடிப்பு, இரத்தத்தில் சி.பி.கே என்ற தசை நொதியின் அளவு கூடுவது ஆகியவை பார்த்த பக்கவிளைவுகள். கல்லீரல் மிகவும் கெட்டவர்களுக்கு இது கிடையாது.

இந்த மருந்தைக் கல்லீரலில் உடைக்கும் நொதியோடு மோதும் மருந்துகள் பல. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும், இட்ராகொனசோல் போன்ற பூஞ்சை மருந்துகளும் இதன் அளவை இரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏற்றிவிடும், சேர்க்கவே கூடாது. டிபிக்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், முகத்தில் மின்னல் வெட்டும் வலிக்குக் கொடுக்கும் கார்பமசெபின் ஆகியவை நேர்மாறாக மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும், காசு கொடுத்து வாங்கியது வேலை செய்யாது. கிரேப்ஃப்ரூட் பழம் கூடாது. அதே இனத்துப் பம்பளிமாஸையும் அந்த நாட்களில் தள்ளி வையுங்கள். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்கள் அதன் பெயரை மருத்துவரிடம் காட்ட வேண்டும். லெவோநார்ஜெஸ்ட்ரல், நாரெதின்ட்ரோன் என்ற ஹார்மோன்களில் ஒன்றும் இல்லாத வகை என்றால் அதன் பலன் குறையும். மருந்து எடுக்கும் நாட்களிலும் நிறுத்திய பின் 28 நாளும் ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பு தேவை.

மருந்துச் சீட்டை வாங்கிய கையோடு நோட்டை எடுத்து அன்றைய எண்ணையும், அன்று செய்ய முடிந்த வேலையையும் எழுதுங்கள். தொடக்க எண் இல்லாமல் தொடங்கினால், மாத்திரை கேட்டதா என்று ஒரு மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது.